சூனியம் யார் வைத்தது?

இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி மாமியாரைப் பற்றியவை. மீதியில் பாதி மருமகளைப் பற்றியவை. இரண்டும் போக மிஞ்சுகிற நாலைந்தில்தான் தத்துவம், சங்கீதம், பல்வலி எல்லாம் இடம்பிடிக்க வேண்டும். அந்த நாலைந்தில் ஒன்று கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு தாயார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை.

"என் மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். சில மாதங்களாக எதைச் சொன்னாலும், 'எதுக்கும்மா? எதுக்குமே அர்த்தம் கிடையாது' என்கிறான். இது என்னடா பேச்சு என்று கேட்டால், 'இதுக்குப் பேரு நிஹிலிசம்' என்கிறான். அகராதியில் பார்த்தோம். 'சூனியவாதம்' என்று போட்டிருந்தது. அதை வாய்விட்டுப் படித்தது நான் செய்த தப்பு. அடுத்த அறையில் இருந்த என் மாமியார் காதில் 'சூனியம்' மட்டும் விழுந்தது. 'பாவிங்க எவனோ என் பேரனுக்குச் சூனியம் வெச்சுட்டானே!' என்று ஆரம்பித்துவிட்டார். கல்வராயன் மலைக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினால்தான் ஆயிற்று என்கிறார். இது நோயா, தத்துவமா, அல்லது பரீட்சைக்குப் படிக்காமல் இருக்க ஒரு சாக்கா? தாங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்."

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசி வரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "முன்பெல்லாம் அவன் நிறையப் பேசுவான்" என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார்.

பதிலைத் தபாலில் அனுப்புவதை விட நேரில் போய்ப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

* * *

புறப்படுமுன் இந்தச் சொல்லின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். 'நிஹில்' என்றால் லத்தீன் மொழியில் 'ஒன்றுமில்லை'. தத்துவ உலகில் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியதும் ஒரு கடிதம்தான். 1799-ஆம் ஆண்டு யாக்கோபி என்ற ஜெர்மானியர், ஃபிக்டே என்ற தத்துவ ஆசிரியருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் அறிவு ஒன்றின் கையிலேயே ஒப்படைத்துவிட்டால், கடவுள், உலகம், எதிரே நிற்கிற மனிதன் எல்லாமே நம் மனம் கட்டிய கோட்டையாகிவிடும், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவருடைய கவலை. அந்தப் போக்கைத்தான் அவர் நிஹிலிசம் என்று சாடினார்.

பண்டிதர்களுக்குள் கிடந்த சொல்லை வீதிக்குக் கொண்டுவந்தவர் ஒரு நாவலாசிரியர். ருஷ்யாவின் துர்கனேவ் 1862-இல் 'தந்தையரும் தனயரும்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் பஸாரவ் என்று ஒரு வைத்திய மாணவன் வருகிறான். எந்தப் பெரியவருக்கும் தலைவணங்க மாட்டான். எந்தக் கொள்கையையும், எவ்வளவு மதிப்புக்குரியதானாலும், நம்பிக்கையின் பேரில் ஏற்க மாட்டான். தவளையை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது மட்டுமே அவனுக்கு உண்மை. கவிதையா? வீண். காதலா? உடம்பின் சமாச்சாரம். இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன் ஓர் இளம் விதவையின்மேல் காதல் கொள்கிறான்! தன் தத்துவத்தில் இல்லாத ஒரு பொருள் தன் நெஞ்சில் இருப்பதைக் கண்டு அவனுக்கே கோபம் வருகிறது. பிறகு, விஷ ஜுரத்தில் இறந்த ஒருவரின் உடலை அறுக்கும்போது விரலில் கத்தி பட்டு, அந்த நஞ்சு ஏறிப் பெற்றோர் வீட்டிலேயே இறந்துபோகிறான். நாவலின் கடைசிப் பக்கத்தில் வயதான தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவனுடைய கல்லறைக்கு வந்து மண்டியிட்டு அழுகிறார்கள். எதற்கும் மதிப்பில்லை என்று சொன்னவனுக்கு இரண்டு பேர் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தார்கள் என்பதைத் துர்கனேவ் வாதம் செய்யாமல் காட்டிவிட்டுப் போகிறார்.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் நீட்சே. பாதிரியாரின் பிள்ளை. 1882-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு பைத்தியக்காரன் பட்டப்பகலில் விளக்கை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வந்து கடவுளைத் தேடுகிறான். சந்தையில் நின்றவர்களில் பலருக்கு ஏற்கெனவே கடவுள் நம்பிக்கை கிடையாது, சிரிக்கிறார்கள். கடவுள் இறந்துவிட்டார், நாம்தான் கொன்றோம், என்ன காரியம் செய்தோம் என்பது உங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை என்று அவன் கதறுகிறான். நன்மை தீமை எல்லாவற்றையும் ஒரு தூணின்மேல் சாய்த்துவைத்திருந்தோம். அந்தத் தூணை எடுத்த பிறகு கூரை எதன்மேல் நிற்கும்? இதுதான் நீட்சேயின் கேள்வி. அவரையே நிஹிலிசத்தின் பிரசாரகர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவரோ அதை ஐரோப்பாவுக்கு வரப்போகிற ஒரு வியாதியாகக் கண்டார். அதைக் கடந்து புதிய மதிப்புகளை உண்டாக்க வேண்டும் என்றுதான் தவித்தார். 1889-இல், நாற்பத்துநான்கு வயதில், அவருக்குச் சித்தம் கலங்கியது. தாயார்தான் வீட்டில் வைத்துக்கொண்டு, தாம் 1897-இல் இறக்கும் வரை அவரைப் பராமரித்தார்.

இன்று தத்துவ ஆசிரியர்கள் இந்தச் சொல்லைக் கிளை கிளையாகப் பிரிக்கிறார்கள். எதையும் நிச்சயமாக அறிய முடியாது என்பது ஒரு கிளை. நல்லது, கெட்டது என்று ஒன்றுமே கிடையாது என்பது இன்னொரு கிளை. வாழ்க்கைக்கு நோக்கமும் இல்லை, மதிப்பும் இல்லை என்பது மூன்றாவது. கள்ளக்குறிச்சிப் பிள்ளை சொன்னது இந்த மூன்றாவது.

* * *

சென்னையிலிருந்து போகும் பஸ் உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்புகிறது. அந்த வட்டாரத்தில்தான் திருநறுங்கொண்டை என்ற ஊர் இருக்கிறது. குன்றின்மேல் பார்சுவநாதருக்குக் கோயில், அப்பாண்டைநாதர் என்பார்கள். சமண முனிவர்கள் வாழ்ந்த பழைய இடம். வீடு, வாசல், உடுப்பு, உறவு எல்லாவற்றையும் துறந்தவர்கள் அவர்கள். அப்படியானால் அவர்களும் நிஹிலிஸ்டுகள்தானா? ஓர் எறும்பைக்கூட மிதித்துவிடக் கூடாதே என்று மயிற்பீலியால் தரையைப் பெருக்கிவிட்டு உட்காருகிறவரை எப்படி அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? எறும்பின் உயிருக்கே அவ்வளவு மதிப்பு வைத்தவர் அவர்.

நாத்திகமும் வேறு. கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன பெரியார், மனிதனுக்குச் சுயமரியாதை உண்டு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் ஊர் ஊராகச் சொன்னார். எதற்கும் மதிப்பில்லை என்று நினைக்கிறவர் இப்படித் தொண்டை வறளப் பேச மாட்டார்.

பௌத்தர்களின் சூனியமும் வேறு. ஏறத்தாழ இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகார்ஜுனர் எல்லாம் சூனியம் என்றார். எந்தப் பொருளும் தனியாக, தானே தன் காலில் நிற்பதில்லை, மற்றவற்றைச் சார்ந்தே இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். பாம்பைப் பிடிக்கத் தெரியாதவன் பிடித்தால் என்ன ஆகுமோ, அதுதான் இந்தத் தத்துவத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறவனுக்கும் ஆகும் என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

அப்படியானால் நம் நாட்டில் அசல் சரக்கே கிடையாதா? உண்டு. புத்தர் காலத்தில் அஜித கேசகம்பளி என்று ஒருவர் இருந்தார். தானத்துக்குப் பலனில்லை, நல்வினை தீவினைக்கும் பலனில்லை, தாய் என்றும் தந்தை என்றும் இல்லை, செத்தால் மண்ணோடு மண் என்று அவர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. எதிர்க்கட்சிக்காரர்கள் எழுதிவைத்த குறிப்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் மணிமேகலையைப் பாருங்கள். வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறாள். கடைசியில் பூதவாதி வருகிறான். பூவையும் வெல்லத்தையும் கூட்டி ஊறவைத்தால் போதை பிறக்கிறதல்லவா, அதுபோலத்தான் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, கண்ணால் கண்டதே மெய், மறுபிறப்பு பொய் என்கிறான். அவன் அசல் நிஹிலிஸ்ட் அல்ல. இந்த உலக இன்பமாவது உண்டு என்கிறவன். இருந்தாலும் மணிமேகலை அவனை மடக்குகிறாள். உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்பதை நீ எப்படி அறிந்தாய், கண்ணால் கண்டா, அனுமானத்தாலா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

இந்த நாட்டில் தத்துவம் ஆண்பிள்ளைகளின் சொத்து என்று யாராவது சொன்னால், மணிமேகலை, குண்டலகேசி, நீலகேசி என்று மூன்று பெயரைச் சொல்லுங்கள். மூவருமே வாதம் செய்தவர்கள். மூவர் பெயரிலும் தமிழில் காவியம் எழுந்திருக்கிறது.

இந்த யோசனைகளிலேயே கள்ளக்குறிச்சி வந்துவிட்டது.

* * *

காபி கொடுத்தார்கள். பாட்டியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பட்டணத்துல இதுக்கு மருந்து இருக்குதா?" என்றார். பையன் மரியாதையாக எழுந்து நின்றான். கெட்டிக்காரப் பிள்ளை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பஸாரவ் கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டான். நீட்சேயைப் பற்றிச் செல்போனில் படித்திருக்கிறான், பாதிதான் படித்திருக்கிறான். பேச்சு மெல்ல வளர்ந்தது.

"எதற்கும் அர்த்தமில்லை என்று எப்போது முதல் தோன்றுகிறது?" என்று கேட்டேன்.

பதில் வர நேரமாயிற்று. தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; கண்ணால் தடுத்தேன்.

"கருணாபுரத்துக்கு அப்புறம், மேடம்" என்றான்.

நேயர்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெண்களும் அதில் உண்டு. நாம் பத்திரிகையில் எண்ணிக்கையைப் படித்தோம். இந்தப் பிள்ளை வீதியில் பந்தல்களைப் பார்த்தான். ஒரே வகுப்பில் கூடப் படித்த சிநேகிதனின் தகப்பனார் அதில் போய்விட்டார். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் அந்தச் சிநேகிதன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

"அவன் என்னைவிட நல்லாப் படிப்பான், மேடம். அவன் மூட்டை தூக்கறான், நான் காலேஜுக்குப் போறேன். இதுல என்ன அர்த்தம் இருக்கு?"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இது நிஹிலிசம் இல்லை; நிஹிலிசத்துக்கு நேர் விரோதமான ஒன்று. எதற்கும் மதிப்பில்லை என்று மெய்யாகவே நினைக்கிறவனுக்கு, ஒருவன் படிப்பதும் இன்னொருவன் மூட்டை தூக்குவதும் ஒன்றுதான். அவன் கண்ணுக்கு அநியாயம் என்று ஒன்று தெரியவே தெரியாது. இந்தப் பிள்ளைக்கோ அநியாயம் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருக்கிறது. மதிப்பில்லாத ஒன்றுக்காக யாரும் இத்தனை மாதம் துக்கம் காப்பதில்லை.

"திருக்கோவிலூர் போயிருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் டூர்ல போனோம். பெண்ணையாத்து நடுவுல கபிலர் குன்று."

"பாரி இறந்ததும் கபிலருக்கு உலகமே சூனியமாகத்தான் போயிருக்கும். ஆனால் அவர் முதலில் என்ன செய்தார்?"

யோசித்தான். "பாரி மகளிரை அழைச்சுக்கிட்டு ஊர் ஊராப் போனார்."

"ஏன் போனார்? அர்த்தமில்லை என்று உட்கார்ந்திருக்கலாமே."

"ஆனா கடைசியில அவரும் உயிரை விட்டுட்டாரே, மேடம்?"

நல்ல கேள்வி, மழுப்பக் கூடாத கேள்வி. "அந்த முடிவு யாருக்கும் வழியாகாது. எனக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. அவர் உயிரோடு இருந்தபோது நட்புக்காக நடந்த தூரம்தான் நமக்குப் பாடம். உன் சிநேகிதனைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?"

தலை குனிந்துகொண்டான். "பார்க்கவே இல்லை. எந்த முகத்தோட போறது?"

தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத சமாச்சாரம் அது.

* * *

பாட்டியம்மாள் விடவில்லை. "அதெல்லாம் சரி, கயிறு?" என்றார். மறுநாள் எல்லோருமாக மலைக்குப் புறப்பட்டோம். பெரியவர் மனம் கோணக் கூடாது. எனக்கும் மலையைப் பார்க்க ஆசை.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைக்குமேல் பாதை ஏறுகிறது. மலைமேல் வெள்ளிமலை என்ற ஊர், வட்டத்தின் தலைமையிடம். கல்வராயன் மலை வெகு காலம் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலைவாழ் மக்கள் கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்த காலம் அது. 1976-இல்தான் மலை அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கீழே இருப்பவர்கள் இந்த மலையின் பெயரைச் சாராயத்தோடு சேர்த்துச் சொல்லியே பழகிவிட்டார்கள். சாமையோடும் கடுக்காயோடும் சேர்த்துச் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

பாட்டியம்மாள் கயிறு கட்டுகிறவரைத் தேடிப் போனார். நாங்கள் ஒரு வீட்டு வாசலில் காத்திருந்தோம். அங்கே வயதான ஒரு அம்மாள் உரலில் குத்திய சாமையை முறத்தில் அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தார். பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேச்சுக்கு ஆரம்பமாக, "இந்த வருஷம் நல்ல விளைச்சலா, பாட்டி?" என்றான்.

"இந்த வருசம் சுமார். போன வருசம் மழையே சரியில்ல. போட்டது போச்சு."

"போச்சுன்னு தெரிஞ்சும் மறுபடி ஏன் விதைச்சீங்க?"

அந்த அம்மாள் முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: "விதைக்காம இருந்தா மட்டும் மழை வந்துடுமா, சாமி?"

பையன் சிரித்தான். அவன் சிரித்து வெகு நாளாயிற்று என்று அவன் தாயார் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் உமி எழும்பிக் காற்றோடு போயிற்று. அரிசி உள்பக்கமாகச் சேர்ந்தது. சந்தேகம் என்பதும் ஒரு முறம்தான். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே நாம் வைத்திருக்கும் எத்தனையோ எண்ணங்கள் உமி. ஜாதிப் பெருமை உமி; பெண் என்றால் அடுப்பங்கரை என்பது உமி. பிள்ளைகள் படித்துவிட்டு வந்து இவற்றைப் புடைத்தால் நாம் கோபிக்கக் கூடாது. தூசி கண்ணில் விழத்தான் செய்யும். பஸாரவ் முறத்தைக் கையில் எடுத்ததில் தப்பில்லை. பறக்கிற உமியைப் பார்த்துவிட்டு, முறத்தில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டியதுதான் அவன் செய்த பிழை. அரிசி இருந்தது. அதை அவன் சாகும் தறுவாயில்தான் கண்டான்.

* * *

இப்போது அந்தத் தாயாருக்கும், அவரைப் போல மனத்துக்குள் கலங்குகிற மற்றச் சகோதரிகளுக்கும் என் பதில்.

நிஹிலிசம் என்பது சூனியம் வைப்பதும் அல்ல, அடங்காப்பிடாரித்தனமும் அல்ல. உலகத்தில் நாம் மதிப்பு வைத்திருக்கும் எதற்கும் அடிப்படை உண்டா என்று கேட்டு, இல்லை என்று முடிவு சொல்கிற ஒரு தத்துவம். கேள்வி நேர்மையானது, பெரிய மூளைகளையே கலக்கிய கேள்வி. பிள்ளை அதைக் கேட்டால் வாயை மூடு என்று சொல்லாதீர்கள். நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள். மணிமேகலை பூதவாதியின் பேச்சைக் கேட்டுவிட்டுத்தானே சிரித்தாள்!

ஆனால் "எதற்கும் அர்த்தமில்லை" என்று சொல்கிற எல்லோரும் தத்துவம் பேசவில்லை. பெரும்பாலோர் தாம் இழந்த ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகையால் 'அர்த்தம் இருக்கிறது' என்று வாதாடுவதற்கு முன், "எதைக் கண்ணா இழந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பிடித்த எதிலும் மனம் செல்லவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற பேச்சு எழுகிறது என்றால் அதைத் தத்துவம் என்று விட்டுவிடக் கூடாது. கயிற்றோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஜுரத்துக்குப் போவதுபோலக் கூச்சமில்லாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை சொல்ல அரசாங்கமே ஆள் வைத்திருக்கிறது.

நான் சென்னை திரும்பிய சில நாட்களில் அந்த அம்மாளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் வீட்டுக்குப் போனானாம். போகும்போது தன் பழைய பாடப் புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனானாம். தபால் மூலம் படிக்கலாமா என்று இருவரும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். "இன்னும் சில நாள் 'எதுக்கும்மா' என்கிறான். ஆனால் இப்போது அதற்குப் பிறகும் பேசுகிறான்" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தின் ஓரத்தில் பாட்டியம்மாள் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரியும் இருந்தது: "கயிறு வேலை செய்யுதுன்னு அந்தப் பட்டணத்துப் பொண்ணுகிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டேன், பாட்டி.